வண்டியைத் தாழ்த்தியவர்கள்

மலர்க் குழு நண்பர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். "பொன்விழா மலருக்கு உன்கிட்டேருந்து ஒரு கட்டுரை வேணும். ஏதாவது தொழில்நுட்ப வரலாறா எழுதிக் கொடு. சுயபுராணம் மட்டும் வேண்டாம்!" என்று கண்டிப்பு வேறு. வரலாறுதான் எழுதியிருக்கிறேன். சுயபுராணமும் கொஞ்சம் சேர்ந்துவிட்டது. அது ஏன் என்று கடைசியில் தெரியும். குழுவினர் அந்தப் பகுதியைக் கத்தரிக்காமல் விட்டால் கடமைப்பட்டவன் ஆவேன்.

நம் 1971–76 இயந்திரவியல் பேட்சில் 'ஸ்பிரிங்' யார் என்று கேட்டால் தெரியாதவர் கிடையாது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனி இல்லாத நம் நண்பன்தான். அவன் வீட்டுக் கார் ஷெட்டில் 1974-ல் நடந்த விபத்தும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதை முழுக் கதையா என்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் சோழவரம் கார் பந்தயத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. தரையோடு தரையாக உட்கார்ந்து சீறிய வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் அப்பாவிடம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருந்தது. ஹெரால்டு ஓட்டியவர்களுக்குத் தெரியும்: அதன் பானெட் முன் மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். சாய்த்துவிட்டால் எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் பாடப் புத்தகத்தில் வரைந்த படம் மாதிரி கண்முன் நிற்கும். அப்பா டூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன் ஸ்பிரிங்குகளை வெட்டி வண்டியை இரண்டு அங்குலம் இறக்குவது என்று தீர்மானமாயிற்று.

மீதியைப் பிறகு சொல்கிறேன். இப்போது ஐம்பது வருஷம் தாண்டி, கடலும் தாண்டி, வேறோர் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ்

2024-ல் மகள் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் போயிருந்தேன். பேரக் குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை. "அப்பா, நீங்க மெக்கானிக்கல்தானே, உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணு காட்டறேன், வாங்க" என்று ஒரு ஞாயிறு மாலை கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் விட்டியர் புலிவார்டு என்ற சாலைக்கு அழைத்துப் போனாள். மெக்சிகோ வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது.

அங்கே வந்த கார்களைப் பார்த்து அசந்து நின்றுவிட்டேன். எல்லாம் அறுபது வருஷத்துக்கு முந்தைய கப்பல் போன்ற ஷெவர்லே வண்டிகள். கண்ணாடி போன்ற பெயின்ட். வயிறு ரோட்டைத் தொட்டுவிடுமோ என்று பயப்படும் அளவுக்குத் தாழ்ந்திருந்தன. வேகமோ நம் ஊர்த் தேர் வேகம். உள்ளே தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று குடும்பமே உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போகிறது. ஒரு வண்டி சிக்னலில் நின்றதும், ஓட்டுனர் ஏதோ சுவிட்சைத் தட்ட, முன்பக்கம் ஜிவ்வென்று ஓர் அடி எழும்பி மறுபடி தரையிறங்கியது. என் பேரன் கைதட்டினான். எனக்கு மட்டும் ஹெரால்டு ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

'லோ ரைடர்' என்று பெயர் கொண்ட இந்த வண்டிகளின் கதையை அதற்குப் பிறகு தேடித்தேடிப் படித்தேன். ஒரு சமூகமே வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து எழுதிய இயந்திரவியல் வரலாறு அது.

மணல் மூட்டையும் ஹாக்ஸா பிளேடும்

கதை 1940களில் தொடங்குகிறது. 1943 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில், தொளதொள கோட்டும் கால்சட்டையுமாக 'ஸூட் சூட்' அணிந்த மெக்சிக வம்சாவளி இளைஞர்களைக் கடற்படையினரும் ராணுவத்தினரும் துரத்தித் துரத்தி அடித்தார்கள், உடையைக் கிழித்தார்கள். உடுத்தும் உடையே குற்றமாகப் பார்க்கப்பட்ட காலம். போர் முடிந்து வேலை கிடைத்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் அந்த இளைஞர்கள் பழைய ஷெவர்லேக்களை வாங்கினார்கள். புதுக் கார் வாங்க வசதி கிடையாது. வாங்கிய பழசைத் தன்னுடையதாகக் காட்ட வேண்டும் அல்லவா?

அதே கலிபோர்னியாவில் வேறு சில இளைஞர்கள் பழைய கார்களைப் பிரித்துப்போட்டு எடையைக் குறைத்து, எஞ்சினை முறுக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகத்துக்காக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மாட்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள். 'தாழ்வாக, நிதானமாக' என்பதே இன்றுவரை அவர்கள் தாரக மந்திரம். ஸ்பானிய மொழியில் 'பஹீத்தோ இ சுவாவெசீத்தோ' என்பார்கள். ஊர் பார்க்க மெதுவாகப் போக வேண்டும். அவசரமாக ஓடி ஒளிய வேண்டியதில்லை!

தாழ்த்த அவர்கள் கண்ட முதல் வழி ரொம்ப எளிது. டிக்கியில் மணல் மூட்டையோ சிமென்ட் மூட்டையோ ஏற்றினார்கள். பின்பக்கம் இறங்கிவிடும். திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது மூட்டையை இறக்கி வைத்துவிடலாம்.

அடுத்த வழி ஸ்பிரிங்கிலேயே கை வைப்பது. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கட்டையைச் செருகி, நீளமான யூ-போல்ட் போட்டு இறுக்கினார்கள். அச்சுக்குக் கீழே பட்டை இருக்கும் வண்டியில் இப்படிச் செய்தால் வண்டி இறங்கும். நம் லாரிகளைப் போல அச்சுக்கு மேலே பட்டை இருந்தால் இதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும்! முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ வெட்டி எடுத்தார்கள்.

இங்கே நம் பழைய வகுப்பறைப் பாடம் கொஞ்சம். ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மீதி ஏழு. விறைப்பு சுமார் 14 சதவீதம் கூடும். இரண்டை வெட்டினால் 33 சதவீதம். வண்டி தாழ்ந்தபின் சக்கரம் மேலே போக இடம் குறைகிறது. ஸ்பிரிங் விறைப்பதால் அதைக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆகவே வெட்டுவது அப்படியொன்றும் முட்டாள்தனம் அல்ல. எதைக் கொண்டு வெட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஹாக்ஸா பிளேடாலோ சாணைச் சக்கரத்தாலோ வெட்டினால் எஃகின் பதம் கெடாது. சோம்பேறித்தனமான வழி ஒன்று உண்டு: வண்டி நிற்கும்போதே ஸ்பிரிங்கை கேஸ் நெருப்பில் காட்டினால் அது சிவந்து, எடை தாங்காமல் தானே அமுங்கும். அரை மணியில் வேலை முடிந்துவிடும். ஆனால் பதம் போன எஃகு அதற்குப் பிறகு ஸ்பிரிங்கே அல்ல; நாள்போக்கில் மேலும் தொய்யும், ஒரு நாள் முறியும்.

தாழ்த்துவதோடு வேலை முடிவதும் இல்லை. சக்கரத்தின் சாய்வும் நேர்க்கோடும் மாறிவிடும். சரிசெய்யாவிட்டால் டயரை ஓரமாகத் தின்னும். ஷாக் அப்சார்பருக்கு நகர இடம் போதாது. பிரேக் ஹோஸ் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். முன்பக்கம் மட்டும் இறங்கினால் ஹெட்லைட் ரோட்டையே பார்க்கும். இதெல்லாம் அந்தத் தெருக்களில் அப்பன் பிள்ளைக்கும், மாமன் மருமகனுக்கும் சொல்லிக்கொடுத்த பாடங்கள். நம்மைப் போல பரீட்சைக்குப் படித்ததில்லை. ஜாக்கிக்குப் பக்கத்தில் குந்திப் படித்தது.

சட்டம் வந்தது

இந்த வண்டிகள் பெருகியதும் போலீஸ் கண்ணில் பட்டன. 1950களின் இறுதியில் கலிபோர்னியா வாகனச் சட்டத்தில் 24008 என்ற பிரிவு வந்தது. ஒரு வண்டியை மாற்றியமைத்து, அதன் சக்கரங்கள் தவிர்த்த எந்தப் பாகமும் சக்கர விளிம்பின் அடிப்பகுதியைவிடத் தாழ்வாக இருக்கும்படி செய்து ஓட்டினால் குற்றம். விளிம்பு என்றால் டயர் மாட்டும் இரும்பு 'ரிம்'.

இந்த அளவுகோலுக்கு ஒரு நியாயம் உண்டு. டயர் காற்றுப் போனால் வண்டி ரிம்மில் நிற்கும். அப்போது வேறு பாகம் ரோட்டைக் கீறக் கூடாது. ஆனால் சட்டம் அளந்தது உயரத்தை மட்டும். ஹாக்ஸாவில் ஒழுங்காக வெட்டி எல்லாம் சரிபார்த்த வண்டியும், நெருப்பில் காட்டிக் கெடுத்த வண்டியும் அதற்கு ஒன்றுதான். சொல்லப்போனால், பதம் கெட்ட ஸ்பிரிங்கோடு கோட்டுக்கு அரை அங்குலம் மேலே நின்றவன் தப்பித்துக்கொள்வான்!

இந்தச் சட்டத்துக்குப் பதில் ஒரு வீட்டு ஷெட்டிலிருந்து வந்தது. ரான் அகிர்ரே என்ற இளைஞர் 1956-ஆம் வருஷத்து கார்வெட் ஒன்று வைத்திருந்தார். அதைத் தாழ்த்தி ஓட்டியதற்காக அபராதச் சீட்டுகள் குவிந்தன. போருக்குப் பிறகு விமான உதிரிகள் காயலாங்கடை விலைக்குக் கிடைத்த நேரம். அகிர்ரே தந்தையின் துணையோடு 'பெஸ்கோ' என்ற விமான ஹைட்ராலிக் பம்புகளையும் வால்வுகளையும் வாங்கி வந்து காரில் பொருத்தினார். 'எக்ஸ்-சோனிக்' என்று அந்த வண்டிக்குப் பெயர். சுவிட்சைத் தட்டினால் எண்ணெய் சிலிண்டருக்குள் பாய்ந்து வண்டி சட்டப்படியான உயரத்துக்கு எழும்பும். போலீஸ் போனதும் மறுபடி தட்டினால் இறங்கிவிடும்! நாம் பாஸ்கல் விதி என்று மனப்பாடம் செய்ததை அவர் டிராஃபிக் போலீஸிடம் செய்து காட்டினார்.

1958-ல் ஷெவர்லே இம்பாலா வந்தது. பின்பக்கமும் சுருள் ஸ்பிரிங். சேசிஸ் 'எக்ஸ்' எழுத்து வடிவம், பக்கவாட்டில் சட்டங்கள் கிடையாது. சிலிண்டரை ஸ்பிரிங்கின் தலையில் வைக்கவும், உடலை முழுசாகத் தரையிறக்கவும் தோதான அமைப்பு. 1964 வரை வந்த இம்பாலாக்களை லோ ரைடர்கள் இன்றும் குலதெய்வம் போல வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். விமானப் பம்புகள் தீர்ந்தபோது, லாரிகளின் பின்கதவைத் தூக்கி இறக்கும் பம்புகளைக் கழட்டிப் போட்டார்கள். டிக்கியில் மணல் மூட்டை இருந்த இடத்தில் பம்பும் பேட்டரி வரிசையும் உட்கார்ந்தன.

தெருவிலிருந்து அருங்காட்சியகத்துக்கு

1977-ல் சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்து 'லோ ரைடர்' என்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். கல்லூரிப் பையன்கள் ஆரம்பித்த அந்தப் பத்திரிகை 2019 வரை அச்சில் வந்தது. நம் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகை மூன்று இதழோடு நின்றதை இங்கே நினைவுகூர்கிறேன்!

சட்டம் சும்மா இருக்கவில்லை. ஒரே சாலையில் திரும்பத் திரும்ப மெதுவாகச் சுற்றுவதே குற்றம் என்று 1980களில் தொடங்கி பல ஊர்கள் தடை போட்டன. சான் டியாகோவுக்குப் பக்கத்திலுள்ள நேஷனல் சிட்டி 1992-ல் போட்டது. நெரிசலும் சில அடிதடிகளும் நடந்தது உண்மைதான். ஆனால் குடும்பத்தோடு வந்தவரும் அதே வலையில்தான் சிக்கினார்.

இதே காலத்தில் நாட்டின் இன்னொரு கை இந்த வண்டிகளைக் கும்பிட்டு எடுத்துக்கொண்டது. நியூ மெக்சிகோவில் சிமாயோ என்ற ஊரைச் சேர்ந்த டேவ் ஹரமியோ 1969-ஆம் வருஷத்து ஃபோர்டு எல்.டி.டி. ஒன்றை லோ ரைடராக மாற்றிக்கொண்டிருந்தார். 1978-ல் விபத்தொன்றில் இறந்துபோனார். வீட்டாரும் ஊராரும் அவர் விட்ட வேலையை முடித்தார்கள். 'டேவின் கனவு' என்ற அந்த வண்டியை 1990-ல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வாங்கியது. ஜெஸ்ஸி வலடேஸ் என்பவரின் 'ஜிப்சி ரோஸ்', இளஞ்சிவப்பில் ரோஜாக்கள் வரைந்த 1964 இம்பாலா. 1974-ல் தொடங்கிய 'சிக்கோ அண்ட் த மேன்' தொலைக்காட்சித் தொடரின் முகப்பில் நாடே பார்த்த வண்டி. 2017-ல் அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. நாங்கள் ஷெட்டில் ஹெரால்டைப் பிரித்த அதே 1974!

கடைசியில் நேஷனல் சிட்டி தன் தடையை 2023-ல் நீக்கியது. அதே வருஷம் அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் ஏ.பி. 436 என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல் சுற்றுவதற்கான தடைகளும் போயின. அந்த ரிம் அளவுச் சட்டமும் போயிற்று. அறுபத்தைந்து வருஷ வழக்கு! நான் பார்த்த அந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் அத்தனை முகங்கள் சிரித்ததன் பொருள் பிறகுதான் புரிந்தது.

நம் ஊரில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பேரன்மார் யாராவது இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஜாக்கியைத் தேட வேண்டாம் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

விட்டியர் புலிவார்டில் ஒரு பெரியவர், என் வயதுதான் இருக்கும், தன் இம்பாலாவின் டிக்கியைத் திறந்து காட்டினார். மகள் பேச்சை மொழிபெயர்த்தாள். ஸ்பிரிங் வேலையை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். அப்பாவிடம் என்றார். முதல் பாடம் என்ன என்றேன். வெட்டுவதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஸ்பிரிங்கைக் கட்டாமல் நட்டில் கை வைக்காதே, அதுதான் முதல் பாடம் என்றார்.

ஹெரால்டில் முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கோத்த கூட்டாக வரும். கூட்டை வண்டியிலிருந்து இறக்கியாயிற்று. தலையிலுள்ள நட்டைக் கழட்டினால்தான் ஸ்பிரிங் வெளியே வரும். அதற்கு முன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க கம்ப்ரஸர் என்ற கருவி வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 30 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் 100 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தால் உள்ளே 150 ஜூல் பதுங்கியிருக்கும். 15 கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் போடுவதற்குச் சமம். அந்தக் கணக்கைப் போட எனக்கு அன்றே தெரியும். அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மார்க்.

"டேய், கம்ப்ரஸர் இல்லாம கழட்டக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குடா" என்றான் அவன். "எல்லாரும் கம்ப்ரஸர் வச்சுக்கிட்டா கழட்டறான்? தேங்காய்நார்க் கயிறு நாலு சுத்துக் கட்டினாப் போதும். நான் பிடிச்சுக்கறேன், நீ நட்டை எடுடா" என்று சொன்னது நான்.

கயிறு அறுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ராத்திரி அவன் அப்பா ஓடிவந்து கேட்டபோது, கட்டுப் போட்ட கையோடு அவன் சொன்னான்: "நானேதான் தனியாக் கழட்டினேன்பா. சத்தம் கேட்டு இவன் ஓடிவந்து தூக்கிக்கிட்டு வந்தான்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து நம் பேட்சில் அவன் 'ஸ்பிரிங்', அசட்டுத் துணிச்சல்காரன். நான் நண்பனைக் காப்பாற்றியவன். ஒவ்வொரு சந்திப்பிலும் யாராவது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அவனுக்கு ஒரு வருஷம் போயிற்று; எஞ்சினியரிங் டிராயிங்கை இடது கையால் போட்டுப் பழகித் தேறினான். இடது கைக்காரன் போட்ட படம் என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவரிடம் சொல்லும் வாய்ப்பு எனக்கு இனி இல்லை.

அந்தத் தெருக்காரர்கள் எண்பது வருஷமாக வீட்டு முற்றத்தில் செய்த வேலையை நாங்கள் ஒரே ஒரு முறைதான் செய்தோம். படிப்பு எங்களுக்கு அவர்களைவிட அதிகம். தெரிந்தவரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்ற அடக்கம் எனக்கு இல்லை. வண்டியைத் தாழ்த்தத் தெரிந்தவர்கள் முதலில் தாங்கள் தாழ்ந்து உட்கார்ந்து கற்றார்கள்.

கட்டுரை எழுதி முடித்ததும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இதை ஏன்டா இப்பப் போட்டு? எல்லாருக்கும் நான் ஸ்பிரிங்காவே இருந்துட்டுப் போறேன்" என்றான். "இல்லடா, போடத்தான் போறேன்" என்றேன். சற்று நேரம் கழித்து, "கயிறு தேங்காய்நார் இல்ல, சணல். அதையாவது சரியாப் போடு" என்றான்.

அவன் சொன்னபடியே திருத்திக்கொள்கிறேன்: சணல் கயிறுதான். பொன்விழாவுக்கு அவன் குடும்பத்தோடு வருகிறான். அந்தக் கதையை அன்று யாராவது எடுத்தால், நட்டைக் கழட்டச் சொன்னது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

— 1971–76 இயந்திரவியல் பேட்ச் மாணவன் ஒருவன்